குழாயைக் கண்டு பயப்படலாமா?
சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனை – தம்பதியருக்கு ஒரு விளக்கம்



பிள்ளை பெற்ற தாய்மார்களில் பலருக்கு ஒரு தொந்தரவு உண்டு. இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் தானாகச் சொட்டிவிடும். வேறு சிலருக்கு மக்காச்சோளக் காட்டிலோ முந்திரிக் கொல்லையிலோ வேலை செய்யும்போது திடீரென்று முட்டிக்கொண்டு வரும். மறைவான இடத்துக்குப் போவதற்குள் சேலை நனைந்துவிடும்.

இதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. "வயசானா இப்படித்தான்", "மூணு புள்ளை பெத்தவளுக்கு இது சகஜம்" என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பஸ்ஸில் போக வேண்டிய நாளில் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. வாடை வீசுமோ என்று கணவரை விட்டுத் தள்ளிப் படுக்கிறார்கள். அவரோ காரணம் தெரியாமல் கோபப்படுகிறார். வீட்டில் வீண் மனஸ்தாபம் வளருகிறது.

இது தலையெழுத்து அல்ல, ஒரு நோய். இதற்குச் சிகிச்சை உண்டு. சிலருக்கு மட்டும், சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுப்பார். சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை அது. அந்த இடத்தில்தான் பலர் பயந்து வீடு திரும்பிவிடுகிறார்கள்.

"ஏங்க, பெரிய ஆஸ்பத்திரியிலே குழாய் விட்டுப் பார்க்கணும்னு எழுதிட்டாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"குழாயா? அது எதுக்கு? மாத்திரை கொடுத்தா பத்தாதா?"

"அதிலேயும் மூணு தினுசு இருக்காம். எது நல்லதுன்னு யாரைக் கேக்கிறது?"

இந்த மனைவியின் பயமும் நியாயம்தான். கணவரின் கேள்வியும் நியாயம்தான். இரண்டு பேருக்கும் இங்கே பதில் சொல்கிறோம். சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது?

சிறுநீர்ப்பை சதையாலான ஒரு பை. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை சிறுநீர் அதில் தங்கும். பை நிறைய நிறைய அதன் சதை தளர்ந்து இடம் கொடுக்கும். அதனால் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறாது. வாய்ப்பக்கத்துச் சதை இறுகி அடைத்துக்கொண்டிருக்கும். நாம் போக உட்காரும்போது வாய் தளரும், பை சுருங்கும், சிறுநீர் வெளியே வரும்.

இதில் இரண்டு விதமாகக் கோளாறு வரலாம்.

ஒன்று, பிரசவத்தாலும் வேறு காரணங்களாலும் அடியிடுப்புச் சதை தளர்ந்துபோவது. பை நன்றாக இருக்கும், வாய் இறுகாது. இருமும்போது வயிறு அழுத்தினால் சிறுநீர் சிந்திவிடும்.

இரண்டு, வாய் நன்றாக இருந்தும், பை கட்டுக்கடங்காமல் தானாகச் சுருங்குவது. நாம் உத்தரவு கொடுக்கும் முன்பே அது வேலையைத் தொடங்கிவிடும்.

வெளியே பார்த்தால் இரண்டிலும் சேலை நனைகிறது. ஆனால் சிகிச்சை வேறு வேறு. வாய் தளர்ந்தவர்களுக்கு, தேவைப்பட்டால், தாங்கிப் பிடிக்கும் ஆப்பரேஷன் உண்டு. பை தானாகச் சுருங்குகிறவர்களுக்கு அந்த ஆப்பரேஷன் பலன் தராது. சிலருக்குத் தொந்தரவு கூடவும் செய்யலாம். அவர்களுக்கு வேண்டியது பழக்கமும் மாத்திரையும். ஆகவே, எந்தக் கோளாறு என்று சந்தேகம் இருக்கும்போது, கத்தி வைப்பதற்கு முன் அளந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிக்கொள்ளுங்கள். "கு.க. ஆப்பரேஷன் பண்ணினதிலேர்ந்துதான் இப்படி" என்று மாமியார்மார் சொல்வதுண்டு. குடும்ப நல அறுவை சிகிச்சையில் கட்டுவது கருக்குழாய்களை. சிறுநீர்ப்பை வேறு, கருக்குழாய் வேறு. பெரும்பாலும் அதற்கு முன் நடந்த பிரசவங்களில்தான் சதை தளர்ந்திருக்கும்.

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம். முதலில் செய்யவேண்டியவை எளியவை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடியிடுப்புச் சதைக்குப் பயிற்சி சொல்லித் தருவார்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தச் சதையை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, விடாமல் மூன்று மாதம். நடவு நடும் பெண்ணும் செய்யலாம், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவளும் செய்யலாம்; பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலருக்கு இதிலேயே குணம் தெரியும்.

அப்படியும் குணம் இல்லாவிட்டால், அல்லது ஆப்பரேஷன் செய்யும் முன் சந்தேகம் இருந்தால், அல்லது முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தால், அழுத்தப் பரிசோதனை தேவைப்படும்.

இன்னொரு விஷயம். கஷ்டமான பிரசவத்துக்குப் பின்போ கர்ப்பப்பை எடுத்த பின்போ, இரவு பகலாக இடைவிடாமல் சிறுநீர் வடிந்தால் அது வேறு கதை. சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

மேல்நிலைத் தொட்டி உயரமாக இருந்தால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது அல்லவா? தண்ணீரின் உயரம்தான் அழுத்தம். ஒரு கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்து, 10 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றினால், அதன் அடியில் உள்ள அழுத்தம் 10 செ.மீ. தண்ணீர் அழுத்தம். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தையும் இந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

இது நேற்று வந்த பரிசோதனை அல்ல. இத்தாலி நாட்டு விஞ்ஞானிகள் மோசோ, பெல்லக்கானி என்ற இருவர் 1882-லேயே பெண்களின் சிறுநீர்ப்பை அழுத்தத்தைக் குழாய் மூலம் அளந்து பதிவு செய்தார்கள்.

பரிசோதனை அன்று முதலில் உங்களை வழக்கம்போலச் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர் வழியாகவும், இன்னொன்றை ஆசனவாய் வழியாகவும் வைப்பார்கள். சுத்தமான உப்பு நீரைச் சிறுநீர்ப்பைக்குள் மெதுவாக விடுவார்கள். "இப்ப வர்ற மாதிரி இருக்கா? இருமுங்க பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் குழாயோடு சிறுநீர் போகச் சொல்வார்கள். மொத்தம் அரை மணி முதல் ஒரு மணி நேரம். மயக்க மருந்து கிடையாது.

"ரெண்டு குழாய் எதுக்கு?" என்று கேட்கலாம். இருமும்போது வயிறு முழுவதும் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர்ப்பையிலும் ஏறும். அது வயிற்றின் அழுத்தமா, பையே சுருங்கியதா என்று எப்படிப் பிரிப்பது? ஆசனவாய்க் குழாய் வயிற்றின் அழுத்தத்தைக் காட்டும். சிறுநீர்ப்பையின் அளவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பையின் சொந்த வேலை. உதாரணமாக, சிறுநீர்ப்பையில் 45, வயிற்றில் 40 என்றால் மிச்சம் 5. பை சும்மா இருக்கிறது, இருமலால் சிந்தியது. சிறுநீர்ப்பையில் 45, வயிற்றில் 10 என்றால் மிச்சம் 35. பை தானாகச் சுருங்குகிறது.

பரிசோதனையின்போது சிறுநீர் சிந்திவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அது எப்போது, எதனால் சிந்துகிறது என்று பார்க்கத்தான் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். அடக்கிப் பிடித்து மறைத்தால் நோய் மறைந்துவிடும், முடிவு தவறாகிவிடும்.

மூன்று வகைக் குழாய்கள்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குப் பையோடு மாட்டிவிடும் பலூன் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் அளக்கும் குழாய் அது அல்ல. இது அதைவிட மெல்லியது; சுமார் இரண்டு மில்லிமீட்டர் பருமன்தான். பரிசோதனை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

1. தண்ணீர் நிரப்பிய குழாய்

வீடு கட்டும்போது கொத்தனார் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்ப்பார். அதே தத்துவம்தான் இங்கேயும். குழாய் நிறையத் தண்ணீர் இருக்கும். சிறுநீர்ப்பையின் அழுத்தம் அந்தத் தண்ணீர் வழியே வந்து, வெளியே இருக்கும் அளக்கும் கருவியைத் தொடும்.

கொத்தனாரின் குழாயில் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் மட்டம் தப்பும். இங்கேயும் அப்படியே. குமிழி இருந்தால் அழுத்தம் மழுங்கிப் பதிவாகும். வெளியே இருக்கும் கருவியை நோயாளியின் அடிவயிற்று முன்னெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக வைக்க வேண்டும். அது 5 செ.மீ. கீழே இறங்கினால் அளவு 5 கூடுதலாகக் காட்டும். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்தால் கருவியையும் கூடவே உயர்த்த வேண்டும். குழாய் ஆடினாலும் பதிவில் கோடு துள்ளும்.

இதன் நன்மை, விலை குறைவு. ஒருவருக்கு ஒன்று என்று உபயோகித்து எறிந்துவிடலாம். எந்த உயரத்திலிருந்து அளக்கிறோம் என்பதும் நிச்சயமாகத் தெரியும்.

2. காற்று நிரப்பிய குழாய்

இதன் நுனியில் மிகச் சிறிய பலூன் உண்டு. அதில் துளி அளவு காற்று. சிறுநீர்ப்பை அழுத்தினால் பலூன் அமுங்கும். அந்த அழுத்தம் குழாயில் உள்ள காற்று வழியே கருவிக்குப் போகும். காற்றுக்கு எடை சொற்பம் என்பதால் வெளிக்கருவியை மட்டம் பார்த்து வைக்கும் வேலை இல்லை. குழாய் ஆடினாலும் அவ்வளவாகப் பாதிக்காது. நோயாளி எழுந்து நின்று இருமுவது சுலபம்.

இதன் குறை, வேகமான மாற்றத்தை இது சற்று மெதுவாகத்தான் காட்டும். இருமல் கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகிறது. அந்த உச்சியைக் காற்றுக்குழாய் கொஞ்சம் மழுக்கிக் காட்டலாம். இதுவும் ஒரே தடவைதான் உபயோகம். தண்ணீர்க் குழாயைவிட விலை அதிகம்.

3. நுனியிலேயே கருவி உள்ள குழாய்

இதில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய கருவி குழாயின் நுனியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சேதி கொண்டுபோகத் தண்ணீரும் வேண்டாம், காற்றும் வேண்டாம். இருமல் போன்ற வேகமான மாற்றங்களை மூன்றிலும் நன்றாகப் பிடிப்பது இதுதான்.

ஆனால் விலை மிக அதிகம். அதனால் ஒருவருக்கு உபயோகித்ததைக் கிருமி நீக்கி மற்றவருக்கும் உபயோகிப்பார்கள். அந்தச் சுத்தம் முறையாக நடக்க வேண்டும். கீழே விழுந்தால், மடங்கினால் கெட்டுவிடும். நுனி சிறுநீர்ப்பைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் தவறான அளவு காட்டும். பைக்குள் அது எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதும் வெளியே தெரியாது.

அப்படியானால் எதுதான் நல்லது?

இந்தத் துறைக்கென்று 1971-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மருத்துவச் சங்கம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறையில், தண்ணீர் நிரப்பிய குழாயையே பொது அளவுகோலாகச் சிபாரிசு செய்தது. விலை குறைந்தது என்பதால் மட்டமானது என்று எண்ண வேண்டாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

காற்றுக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் ஒரே நோயாளிக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்டு. பொதுவாக இரண்டும் நெருங்கி வந்தாலும், தனித்தனி ஆட்களிடம், முக்கியமாக இருமும்போது, வித்தியாசம் இருக்கிறது. ஆகவே ஒரு வகைக் குழாயில் வந்த எண்ணை மற்ற வகையில் வந்த எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. வேறு வேறு தராசில் நிறுத்த நெல்லைப் போன்றது அது.

எந்தக் குழாயானாலும், கவனமாகச் செய்கிறவர் கையில் நல்ல பலன் கிடைக்கும். தொடங்கும் முன் கருவியைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாயானால் மட்டம் பார்க்க வேண்டும், குமிழி நீக்க வேண்டும். நடுநடுவே இருமச் சொல்லி, இரண்டு குழாயும் ஒன்றுபோல ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "சும்மா சும்மா இருமச் சொல்றாங்களே" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இருமல்தான் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் சாட்சி.

ஆகவே, விலையுயர்ந்த குழாய் இருக்கும் இடத்தைத் தேடிக் கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கு

இது பெண்களுக்கு மட்டும் உரிய பரிசோதனை அல்ல. பனை, தென்னையிலிருந்து விழுந்தோ, கிணற்றில் விழுந்தோ, சாலை விபத்திலோ முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களில் பலர் குடும்பத்தைத் தாங்கும் இளம் கணவன்மார். கால் போனதை எல்லோரும் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பையும் உணர்ச்சி இழந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அவர்களுக்குப் பைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகலாம், வலி தெரியாது. அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத் திருப்பித் தாக்கும். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றி 1981-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சிறுநீர் கசியும்போது பைக்குள் 40 செ.மீ. தண்ணீர் அழுத்தத்துக்கு மேல் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் அபாயம் அதிகம் என்று காட்டியது. "ஒண்ணுக்குத் தானா போயிக்கிட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்று இருந்துவிட்டால் சில வருஷத்தில் சிறுநீரகமே போய்விடலாம்.

நம் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆப்பரேஷன்கள் செய்தார். அவரைப் போல அடிபட்டவர்களுக்கான புனர்வாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் தோன்ற அவரே காரணமாக இருந்தார். முதுகெலும்பு முறிந்தால் வாழ்க்கை முடிந்தது என்பது இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையைப் பாதுகாக்க வேண்டும். கையை நன்றாகக் கழுவி, சுத்தமான குழாயால் வேளா வேளைக்குச் சிறுநீரை எடுத்துவிடும் முறையை டாக்டரும் நர்ஸும் கற்றுக் கொடுப்பார்கள். அழுத்தம் எவ்வளவு என்று அளந்தால்தான் எத்தனை வேளை, என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். அவர் தேவை என்றால் பெரம்பலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரிக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார். அழுத்தம் பார்க்கும் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. சிறுநீரகவியல் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கலாம். எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

போகும் முன் மூன்று நாள், எத்தனை தடவை போனீர்கள், எப்போது சிந்தியது, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

நீர்க்கடுப்போ காய்ச்சலோ இருந்தால், கர்ப்பமாகவோ மாதவிலக்காகவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைக் கையில் எடுத்துப் போங்கள்.

கூட ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். குழாய் புதிதா, கிருமி நீக்கியதா என்று கேட்கலாம். கேட்பது தப்பில்லை.

பரிசோதனை முடிந்த பிறகு ஒரு நாள், இரண்டு நாள் எரிச்சல் இருக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் தொடர்ந்து போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிக்கைக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். எந்த வகைக் குழாயால் அளந்தது என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்கும்போது, அந்த ஒரு வரி அவருக்கு மிகவும் உதவும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் மனைவி தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாரா? வெளியூர் என்றால் தயங்குகிறாரா? இரவில் நாலைந்து தடவை எழுந்து போகிறாரா? கோபப்படாமல், தனியாக இருக்கும்போது, "என்னம்மா தொந்தரவு, என்கிட்ட சொல்லு" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். அன்றைய கூலி போகிறதே என்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பெற்ற உடம்பில் வந்த தொந்தரவு அது.

தாய்மார்களே! பரிசோதனை அரை மணி, ஒரு மணி நேரத்துச் சங்கடம். சொல்லாமல் வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் சங்கடம்.

வெட்கத்தை விடுங்கள்; இருவரும் சேர்ந்து வாருங்கள்.